ஊற்றுத் தண்ணீரில் போட்ட காப்பி

மரக்காணத்துத் தண்ணீரில் காப்பி போட முடியாது என்பது, கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றில் பத்தடியில் தண்ணீர் இருந்தது. ஆனால் வாயில் வைத்தால் கரிக்கும். துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. அந்தத் தண்ணீரில் இறக்கிய டிகாக்ஷனில் பாலை ஊற்றினால் பாதி நாள் பால் திரிந்துபோகும். திரியாத நாட்களிலும் யாரோ ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். தெருக்கோடிப் பொதுக் கிணறு கொஞ்சம் தேவலை என்றாலும் அதுவும் காப்பிக்கு ஒத்துவரவில்லை. திண்டிவனத்தில் அம்மா வீட்டில் காலையில் இரண்டு டம்ளர் காப்பி குடித்து வளர்ந்தவள் நான். ஒரு மாதம் போராடிப் பார்த்துவிட்டு, சீராக வந்த பித்தளை ஃபில்டரைத் துடைத்துப் பரணில் வைத்தேன். சுக்குத் தண்ணீருக்குப் பழகிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் ஒரு முதலாளியின் உப்பளத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தார். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதிகம் பேசாத மனிதர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியும், வீட்டில் நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் பயணத்துக்குள் பேசி முடித்துவிடலாம். நல்லவர் என்று தெரியும். அதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது.

ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம் அவர் ஒரு வெள்ளைக்கார அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்த அம்மா தலையிலிருந்து கால் வரை நனைந்து, உதடெல்லாம் நீலம் பாரித்து நின்றார். குயிலாப்பாளையம் பக்கத்தில் வந்து குடியேறியிருந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர். இத்தாலி தேசம். நாற்பது வயது இருக்கும். தென்னங்கன்று நடும் குழிகளில் போடக் கல் உப்பு வேண்டும் என்று மொபெட்டில் வந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது கழுவெளி ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியிருக்கிறது. மொபெட் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு உப்பளத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்.

"தண்ணி வடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும். மாத்துத் துணி எதாச்சும் குடு" என்றார் என் கணவர்.

என் புடவை ஒன்றைக் கொடுத்தேன். அதை அந்த அம்மா வேட்டி மாதிரிச் சுற்றிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். எனக்கு அப்போது ஐந்து மாதம். என் வயிற்றைக் காட்டி, "நல்லா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அப்போது இருபது முப்பது வார்த்தைகள்தான்.

இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தார். ரசமும் சுட்ட அப்பளமும் போட்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாம் நாள் காலையில் தன் தோல்பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த ஒரு அலுமினியப் பாத்திரத்தை எடுத்தார். எட்டுப் பட்டை, நடுவில் இடுப்பு, மேலே மூடி, பக்கத்தில் கறுப்புக் கைப்பிடி. நான் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "மோக்கா" என்றார். எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவாராம். இடுப்பில் பிடித்துத் திருகினார். பாத்திரம் இரண்டாகப் பிரிந்தது. அடிப்பாதியில் தண்ணீர், நடுவில் ஒரு சல்லடைக் கிண்ணத்தில் தூள், மறுபடி திருகி அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கீழே இருந்த தண்ணீர் தூள் வழியாக மேலே ஏறி, மேல்பாதியில் கறுப்பாகக் கசிந்து வந்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். என் ஃபில்டரில் காப்பி கீழே இறங்கும். இதில் மேலே ஏறுகிறது!

ஒரு வாய் குடித்ததும் இத்தாலி அம்மாவின் முகம் கோணியது.

"தண்ணி. உப்பு" என்றார்.

"ஆமா. இந்த ஊர்ல காப்பி வராது" என்று கையை விரித்தேன். வெள்ளம் வடிந்ததும் அவர் கிளம்பிப் போனார்.

மாசியில் திண்டிவனத்தில் எனக்குப் பிரசவம் ஆனது. பையன். ஒரு இரவும் ஒரு பகலும் இருந்தான். யார் மேலும் குற்றம் இல்லை. மூச்சு சரியாக வரவில்லை என்றார்கள். அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

அம்மா தன்னோடு வைத்துக்கொள்ளப் பார்த்தார். அங்கே அக்கம்பக்கத்துப் பெண்கள் தினமும் வந்து, உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சித்திரையில் மரக்காணத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். சமைத்தேனா என்று கேட்டால் சமைத்தேன். பாதி நாள் உப்புப் போட்டேனா என்று தெரியாது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். நான் பேசுவது நின்றுபோனது. அவர் ஏற்கெனவே பேசாதவர். வீட்டில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

வைகாசியில் இத்தாலி அம்மா மறுபடி உப்புக்கு வந்தார். உப்பளத்தில் விஷயம் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். என் பாயில், என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.  ஆறுதல் சொல்ல அவருக்குத் தமிழ் இல்லை. என் பாதத்தின் மேல் கையை வைத்தபடி அரைமணி நேரம் இருந்திருப்பார். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனார். அங்கே அவர் என் கணவரிடம் பேசியது எனக்குப் படுத்த இடத்திலிருந்து கேட்டது.

"தண்ணி இது வரைக்கும். இந்தப் பொத்தான் மேல போகக் கூடாது. தூள் போடு. அழுத்த வேணாம். தீ கொஞ்சம். கொஞ்சம்! சத்தம் வந்தா எடு."

"சரிங்கம்மா."

"நீ போடு. தினம். அவ குடிக்க மாட்டா. நீ போடு."

இத்தாலி அம்மா போன பிறகு பார்த்தால், அந்த எட்டுப் பட்டைப் பாத்திரமும் ஒரு டப்பா தூளும் எங்கள் அடுக்களையில் இருந்தன.

அதுவரை என் கணவர் அடுப்பைப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகள் அடுக்களைக்குள் வந்தால் தண்ணீர் குடிக்கத்தான் வருவார்கள். மறுநாள் விடியற்காலையில் பம்ப் ஸ்டவ்வை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஸ்டவ்வின் உறுமல். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசனை. ஒரு டம்ளரை என் தலைமாட்டில் வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். நான் தொடவில்லை. மத்தியானம் அவர் திரும்பி வந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துக் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்தார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

இத்தாலி அம்மா கொடுத்த தூள் தீர்ந்ததும், ஊரில் கிடைத்த சிக்கரி கலந்த தூளை வாங்கி வந்து, ஃபில்டரில் அழுத்துவதுபோல் கரண்டியால் அழுத்தி அடைத்திருக்கிறார். சிக்கரி ஈரம் பட்டால் களிபோலாகிவிடும். தண்ணீர் மேலே ஏற வழியில்லை. திடீரென்று உஸ்ஸென்று ஒரு சத்தம். அடிப்பாதியின் பக்கத்தில் பொத்தான் மாதிரி இருந்த வால்வு வழியாக நீராவி பீறிட, இடுப்புத் திருகின் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் தெறித்து, வெள்ளையடித்த சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கோடு போட்டுவிட்டது. "ஐயோ" என்று அவர் கத்தியதைக் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கையில் கொப்புளத்தோடு வேலைக்குப் போனார்.

அன்று வால்வு பிழைத்தது, உள்ளே இருந்த ரப்பர் வாஷர் போய்விட்டது. அது இல்லாமல் பாத்திரம் இடுப்பில் ஒழுகும். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் அதை உப்பளத்துக்கு எடுத்துப் போனார். அங்கே பாத்திகளுக்குக் கடல் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் முதலில் சைக்கிள் ட்யூபில் வெட்டிக் கொடுத்தார். வீடெல்லாம் ரப்பர் நாற்றம். பிறகு பால் கேன் மூடியில் போடும் தடித்த வெள்ளை ரப்பரை எங்கிருந்தோ கொண்டு வந்து, அளவெடுத்து, வட்டமாக நறுக்கிக் கொடுத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. "வூட்ல காப்பி குடிக்கிறாங்களா சார்?" என்று அந்த மெக்கானிக் தினமும் கேட்பாராம். "இன்னும் இல்லப்பா" என்று இவர் சொல்வாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டு வரும் அக்கா ஒருவர் இருந்தார். கடற்கரைக் குப்பத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உரத்த குரல், எதையும் நேருக்கு நேர் பேசுவார். நான் படுத்துக் கிடந்த நாட்களில் வாசலில் நின்று, "யம்மா, மத்தி இருக்குது, எடுத்துக்கோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் என் கணவர் காப்பியைக் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்த இது தினிக்கும் கொட்டுற?"

"காப்பி அக்கா. அவ குடிக்க மாட்டேங்கிறா."

அக்கா கூடையை இறக்கி வைத்து, டம்ளரின் அடியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இந்தத் தண்ணில போட்டா எவ குடிப்பா? கடல்ல போய் மொண்டு குடிக்கலாம். எங்க குப்பத்தாண்ட சவுக்குத் தோப்புல ஊத்து இருக்குது. மணல்ல ரெண்டு முழம் தோண்டுனா போதும், எளநீ மாரி வரும். நான் கொண்டாரேன்."

கடலுக்கு அத்தனை அருகில், மணல் மேட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். மழைத் தண்ணீரை மணல் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து தலையில் மீன் கூடை, இடுப்பில் தண்ணீர்க் குடம். குப்பத்திலிருந்து எங்கள் வீடு ஒரு மைலுக்கு மேல் இருக்கும். யாரும் அவரைக் கேட்கவில்லை. கொண்டு வந்து, அடுக்களை மூலையில் வைத்துவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

எத்தனையாவது நாள் என்று நினைவில்லை. ஒருநாள் காலையில் என் கணவர் டம்ளரை வைத்துவிட்டுப் போகத் திரும்பினார். எனக்கு வாய் உலர்ந்திருந்தது. எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன்.

"கரிஞ்சிருக்கு" என்றேன்.

அவர் சட்டென்று நின்றார். நான் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? யாரோ அவரைப் பாராட்டிவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம்.

"கரிஞ்சிருக்கா? ரொம்பவா?"

"ரொம்ப."

"உப்பு?"

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்பு இல்லை. "உப்பு இல்ல" என்றேன். அப்போதுதான் தலையைத் திருப்பி, "தண்ணி ஏது?" என்று கேட்டேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து, மீன்கார அக்கா, ஊற்று, மெக்கானிக், பால் கேன் ரப்பர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். வேலைக்கு அன்று தாமதமாகத்தான் போனார்.

அடுத்த நாள் குடித்துவிட்டு, "தண்ணியா இருக்கு" என்றேன். அதற்கடுத்த நாள், "நேத்திக்கே தேவலை." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையாவது மாற்றிப் பார்ப்பார். நான்கைந்து நாள் போனது. ஒருநாள் ஸ்டவ்வின் உறுமலைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். 'இவ்வளவு தீ எதுக்கு?' என்று தோன்றியது. தோன்றியதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாத்திரம் சரிந்துவிடாமல் இடுக்கியால் பிடித்தபடி நின்றார். சுவரில் அந்தக் கறுப்புக் கோடு. தினமும் அங்கே சமைத்தும் அதை அன்றுதான் கவனித்தேன். அவர் கையில் ஆறிப்போன கொப்புளத் தழும்பையும் பார்த்தேன்.

"தள்ளுங்க" என்றேன். அவர் தள்ளி நின்றார். போகவில்லை.

அந்தப் பாத்திரத்தில் நல்ல காப்பி போட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பம்ப் ஸ்டவ்வை விட்டு, திரி ஸ்டவ்வுக்கு மாறினோம். திரிகளை நன்றாக இறக்கி, சுடர் நீலமாகப் பாத்திரத்தின் அடிக்குள் அடங்கும்படி வைத்தோம். பாத்திரம் சின்னது, ஸ்டவ்வின் கால்களில் நிற்காது. என் கணவர் எண்ணெய் டின் மூடியில் ஓட்டை போட்டு ஒரு தட்டு செய்து கொடுத்தார். தூள் அடுத்த பிரச்சினை. பஸ் பிடித்து, பெருமுக்கல் வழியாகத் திண்டிவனம் போய், கண்ணெதிரில் வறுத்து அரைத்துத் தரும் கடையில் நின்று, "சிக்கரி ஒரு பொட்டு கூட வேணாங்க" என்றார் என் கணவர். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தாராம். முதல் தடவை மாவாக அரைத்துவிட்டார்கள், காப்பி வண்டலாக வந்தது. அடுத்த தடவை குருணையாகிவிட்டது, காப்பிக்குச் சாரமில்லை. மூன்றாவது தடவை நானே போனேன். விரலில் தேய்த்துப் பார்த்து, ஃபில்டர் தூளை விடக் கொஞ்சம் நைசாக, மாவுக்கு நெருங்காமல், ஒரு பதத்தில் நிறுத்தச் சொன்னேன்.

கரிந்த வாசனை மட்டும் போகவே இல்லை. தீயைக் குறைத்தும் லேசாக இருந்தது. இதை நான்தான் கண்டுபிடித்தேன், அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு. பச்சைத் தண்ணீரை ஊற்றி வைத்தால் அது சூடாகும் வரை நடுவில் இருக்கும் தூளும் சேர்ந்து வேகிறது. அதனால்தான் கரிகிறது. தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, வால்வுக்கு ஒரு நூல் கீழே வரை ஊற்றி, தூளைக் கரண்டியால் தூவி நிரப்பி, மேலே விரலால் தடவிச் சமமாக்கி, அழுத்தாமல், அடிப்பாகத்தை ஈரத் துணியால் பிடித்துக்கொண்டு திருகி, அடுப்பில் வைத்தேன். மூடியைத் திறந்தே வைத்தேன், அப்போதுதான் பார்க்க முடியும். முதலில் கறுப்பாக, தேன் மாதிரி ஒரு இழை கசியும். பிறகு பழுப்பாகும். நிறம் வெளுத்து நுரை கட்ட ஆரம்பித்ததும், கொறகொறவென்ற சத்தம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்து, அடியை ஈரத் துணி மேல் வைத்துவிட வேண்டும். சத்தம் வந்தால் எடு என்று இத்தாலி அம்மா சொன்னார். சத்தத்துக்கு முன்பே எடுத்தால் இன்னும் நன்றாக இருந்தது.

அன்று வந்த காப்பியில் பாலைக் காய்ச்சி ஊற்றினேன். பால் திரியவில்லை. பங்கீட்டுச் சர்க்கரை ஒரு கரண்டி. என் கணவர் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். இன்னும் வேண்டும் என்று அர்த்தம்.

மீன்கார அக்கா தண்ணீரோடு வந்தபோது அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"குடிச்சுப் பாருக்கா. உன் தண்ணிதான்."

அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு பெரிய வாய் குடித்தார். முகத்தை அப்படியே சுளித்தார்.

"அடிப்பாவி! வேப்பெல மாரி கசக்குது! இதுக்கா நான் இத்தினி நாளா இடுப்பு ஒடியத் தூக்கியாந்தேன்?"

நான் சிரித்துவிட்டேன். மாசிக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் சேலையில் மீன் வாசனையும் மணல் வாசனையும் கலந்து வந்தன. "அழு, அழு. இப்பவாச்சும் அழுதியே" என்றார். காப்பி பிடிக்காவிட்டாலும் தண்ணீர் கொண்டு வருவதை அவர் நிறுத்தவில்லை. நாங்கள் அந்த ஊரில் இருந்த வரை கொண்டு வந்தார். பதிலுக்கு நான் அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அது எந்த மூலைக்கு?

புரட்டாசியில் நானும் என் கணவரும் இத்தாலி அம்மாவைப் பார்க்கப் போனோம். திண்டிவனம் போய், அங்கிருந்து கிளியனூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, செம்மண் பாதையில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்து நடந்தோம். கீற்றுக் குடிசை. சுற்றிலும் இடுப்பளவு வளர்ந்த கன்றுகள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கொண்டு போயிருந்த முறுக்கைக் கொடுத்தேன். உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் காப்பி போடப் போனார்.

நானும் பின்னாலேயே போனேன். மூன்று கல் அடுப்பில் ஒரு அலுமினியச் சட்டி. தண்ணீரில் தூளைக் கொட்டிக் கொதிக்க விட்டார். பிறகு ஒரு பழைய வெள்ளைத் துணியில் வடிகட்டினார். துணி பழுப்பேறிப் போயிருந்தது. பல மாதமாக அதில்தான் வடிகட்டுகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மோக்கா? வேற ஒண்ணு இல்லியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதான். உன் வீட்டுல இருக்குது."

 இவரிடம் இன்னும் இரண்டு மூன்று இருக்கும், ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கே போனாலும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிற பாத்திரத்தை ஒருத்தியின் அடுக்களையில் வைத்துவிட்டு, இத்தனை மாதமாகத் துணிக் காப்பி குடித்திருக்கிறார்.

"அடுத்த வாரமே கொண்டாந்து குடுத்துடறோம்மா" என்றார் என் கணவர், வாசலிலிருந்து.

இத்தாலி அம்மா தலையை ஆட்டினார். அவர் தமிழ் இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. "அன்னைக்கு இவ படுத்திருந்தா. நான் என்ன சொல்ல முடியும்? வார்த்தை இல்ல. என் பையில அது இருந்துச்சு, குடுத்தேன். திருப்பிக் குடுக்காத. நான் உப்புக்கு வர்றப்ப நீ காப்பி குடு."

அப்படியே நடந்தது. மாதம் ஒரு தடவை மொபெட் சத்தம் கேட்கும். நான் தண்ணீரைக் கொதிக்க வைப்பேன். முதல் தடவை என் கையால் போட்டதை அவர் பால் சேர்க்காமல், சின்ன டம்ளரில், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்துவிட்டு, கொதித்த தண்ணீரை எதற்கு ஊற்றினாய் என்று கேட்டார். காரணம் சொன்னேன். "எங்க அம்மாவுக்கு இது தெரியாது" என்றார் வியப்போடு. பிறகு தானும் ஒரு கரண்டி பால் கேட்டு ஊற்றிக்கொண்டார்.

இரண்டு மூன்று வருடம் வந்தார். அவருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் கன்றுகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார். பாத்திரம் எங்களிடமே இருந்தது.

அதற்குப் பிறகுதான் என் மகள் திண்டிவனத்தில் பிறந்தாள், பையன் பிறந்த அதே மாசி மாதத்தில். அழுத சத்தம் தெருமுனை வரை கேட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்க்க மீன்கார அக்கா பஸ் ஏறி வந்தார். எனக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா கொண்டு வந்து, தானே அவித்து, உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டு செய்து ஊட்டிவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் காலையில் என் கணவர் மரக்காணத்திலிருந்து வந்தார். கையில் ஒரு துணிப்பை. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேராக அடுக்களைக்குப் போனார். அம்மா பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"ஏன்டி, மாப்பிள்ள அடுப்பாண்ட போய் நிக்கிறாரு! யாராச்சும் பாத்தா இன்னா சொல்லுவாங்க? நீயாச்சும் சொல்லுடி."

"விடும்மா. அவரு போடட்டும்."

அம்மா கதவோரம் நின்று பார்த்தார். இவர் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். தூளைத் தூவினார், விரலால் தடவினார், திருகினார். சுடரைக் குனிந்து பார்த்துக் குறைத்தார். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உப்புப் பாத்தியைப் பார்ப்பது போல அசையாமல் பார்த்தார். சத்தம் வருவதற்கு முன்னால் எடுத்தார். முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார். இரண்டாவதை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார்.

"குடிங்க அத்தை."

அம்மா வாங்க மாட்டாமல் வாங்கினார். மருமகன் முன்னால் நின்று குடிக்கக் கூச்சம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். ஐம்பது வருடமாக ஃபில்டரில் காப்பி குடித்து வந்தவர். டம்ளரை முழுக்கக் காலி செய்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, குழந்தையைப் பார்க்க வந்த மாதிரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "அதுல இன்னும் கொஞ்சம் இருக்குதாடி?"